வீட்டு வாட்டர் சாஃப்ட்னர்: குழாய்க்கும் சோப்புக்கும் நல்லது, விளம்பரம் சொல்லும் மற்றவற்றுக்கு அல்ல

வீட்டுக்குள் வரும் தண்ணீர் முழுவதையும் ஒரே இடத்தில் மென்மையாக்கித் தரும் தானியங்கி வாட்டர் சாஃப்ட்னர் ஒன்றை, அதிலும் 25 லிட்டர் ரெசின் (கடினத்தன்மையைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகள்) கொண்ட ஒற்றைத் தொட்டி வகையை, எங்கள் வீட்டில் பொருத்திப் போதிய காலம் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இவ்வகை இயந்திரங்களின் உள்ளமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், நான் சொல்பவற்றில் பெரும்பகுதி வேறு பெயரில் விற்கப்படும் இயந்திரங்களுக்கும் பொருந்தும். இயந்திரம் தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. ஆனால் அது செய்யும் வேலை ஒன்றுதான், அதை விற்பவர்கள் சொல்லும் வேலைகளோ ஐந்தாறு.

தண்ணீரின் கடினத்தன்மை என்பது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் அளவு. அதை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று கணக்கிடுவது வழக்கம். 60 வரை மென்னீர், 120 வரை ஓரளவு கடினம், 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம் என்பது பரவலாகப் பயன்படும் வகைப்பாடு. எங்கள் குழாயில் வருவது 400. இந்த எண் வீட்டில் என்ன செய்கிறது என்பதைச் சோப்பை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். கால்சியம் முழுவதும் சோப்போடு சேர்ந்து கரையாத வெண்திரையாக மாறி முடியும் வரை நுரை நிலைத்து நிற்பதில்லை. ஒரு கிராம் கடினத்தன்மை ஏறத்தாழ ஆறு கிராம் சோப்பை இப்படித் தின்றுவிடும். 20 லிட்டர் கொள்ளும் ஒரு வாளித் தண்ணீரில் 400 என்ற அளவில் எட்டு கிராம் இருக்கிறது. ஆக, அந்த வாளித் தண்ணீர் முழுவதையும் நுரைக்க வைக்க வேண்டுமானால் அழுக்கைத் தொடும் முன்பே ஐம்பது கிராமுக்குச் சற்றுக் குறைவான சோப்பு வீணாகிவிடும். குளியலறைச் சுவரிலும் வாளியின் உட்புறத்திலும் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பது அந்தச் சோப்புதான்.

இரண்டாவது சேதம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. கடினத்தன்மையில் பைகார்பனேட்டாக இருக்கும் பகுதி, தண்ணீர் சூடாகும்போது சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது; சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருக்கும் பகுதி அப்படிச் சிதைவதில்லை. பெரும்பாலான பொருள்கள் சூட்டில் கூடுதலாகக் கரையும்போது கால்சியம் கார்பனேட்டோ சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும் என்பதால், தண்ணீரின் மிகச் சூடான இடமான ஹீட்டர் கம்பியின் மேல்தான் அது முதலில் ஒட்டுகிறது. லிட்டருக்கு 250 மில்லிகிராம் இந்த வகையில் இருந்தால், ஆயிரம் லிட்டர் தண்ணீர் கால் கிலோ படிவுக்கான சரக்கைச் சுமந்து வருகிறது என்று பொருள். அது முழுவதும் ஹீட்டரிலேயே தங்கிவிடுவதில்லை என்றாலும், தங்கும் பகுதியே வெப்பத்தைக் கடத்தாத உறைபோல் கம்பியைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் சூடாகும் முன் கம்பியைச் சூடாக்கி எரித்துவிடுகிறது. ஹீட்டர் திடீரென்று பழுதாகிறது என்று நாம் சொல்லும் பல நேரங்களில் அது நெடுநாளாக மெல்ல மெல்லப் பழுதாகிக்கொண்டிருந்தது என்பதே உண்மை.

சாஃப்ட்னர் இதை எப்படித் தடுக்கிறது என்பதில் மாயம் ஏதுமில்லை. தொட்டிக்குள் கடுகு அளவுக்கும் குறைவான பாலிஸ்டைரீன் மணிகள் இருக்கின்றன. அவற்றின் மேல் சோடியம் பிணைந்திருக்கிறது. கடினநீர் அவற்றினூடே செல்லும்போது மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுவிக்கின்றன. மணிகள் நிறைந்ததும் பக்கத்துத் தொட்டியிலுள்ள உப்புக் கரைசல் அவற்றின் வழியே செலுத்தப்பட, பிடிபட்ட கால்சியம் கழிவுநீரோடு வெளியேற, மணிகளின் மேல் மீண்டும் சோடியம் ஏறுகிறது. மண்ணுக்கு இப்படிப் பண்டமாற்றும் குணம் உண்டு என்பதை 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாம்சன், வே என்ற இரு ஆங்கிலேயர்கள் கண்டறிந்தனர். 1935-இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் ஆகியோர் அதையே செயற்கை ரெசினால் செய்து காட்டினர். எனவே விளம்பரத் தாளில் நானோ, குவாண்டம் போன்ற சொற்களைப் பார்த்தால், இவ்வளவு பழைய நுட்பத்துக்கு அந்த அலங்காரம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

பொருத்திய பிறகு முதலில் தெரிந்த மாற்றம் சோப்பில்தான். முன்பு தேய்த்துத் தேய்த்து வரவழைத்த நுரை இப்போது கை வைத்தவுடன் வருகிறது. துணி சோப்பையும் ஷாம்பூவையும் பழைய அளவிலேயே போட்டால் அலசி முடியாது என்பதால் வீட்டிலுள்ளவர்கள் தாமாகவே அளவைக் குறைத்துக்கொண்டனர். சோப்பு போன பிறகும் தோலில் வழவழப்பு இருப்பதுபோல் ஓர் உணர்வு இருக்கும். சிலருக்கு அது பிடிப்பதில்லை, எங்கள் வீட்டில் ஒருவர் இன்னும் அதைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ஷவரின் துளைகள் அடைபடுவது நின்றுவிட்டது. துவைத்த துண்டு முறுக்கேறி நிற்காமல் மடங்குகிறது. கண்ணாடியில் தண்ணீர் சொட்டு காய்ந்தால் திட்டு இப்போதும் விழுகிறது, ஏனெனில் கரைந்த உப்பு தண்ணீரில் இருந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது ஈரத்துணிக்குப் போய்விடும் திட்டு, முன்புபோல் அமிலம் தேடும் திட்டு அல்ல.

ஏற்கெனவே படிந்து கல்லாகிப்போனதை இந்த இயந்திரம் கரைத்துத் தள்ளிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மென்னீர் பழைய படிவைக் கரைத்தாலும் அது மிக மெதுவாகத்தான் நடக்கும். குழாய் முனைகளையும் ஷவரையும் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தும், ஹீட்டரைத் தெரிந்தவரைக் கொண்டு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்தும் தொடங்குவதே முறை.

டி.டி.எஸ். மீட்டரை வைத்து இந்த இயந்திரத்தைச் சோதிப்பவர்கள் அனைவருமே ஏமாந்துபோவார்கள். அந்த மீட்டர் தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து, மொத்தம் கரைந்திருப்பது எவ்வளவு என்று ஊகிக்கிறதே தவிர, அதில் கால்சியம் எது சோடியம் எது என்று பிரித்தறிவதில்லை. சாஃப்ட்னரில் 40 மில்லிகிராம் கால்சியம் போய் அதன் இடத்தில் 46 மில்லிகிராம் சோடியம் வருவதால், இயந்திரம் மிகச் சரியாக வேலை செய்யும்போதும் மீட்டரின் எண் குறையாது. எண் குறையவில்லை என்று இயந்திரத்தைத் திருப்பி அனுப்புவதும், எண் குறைந்து காட்டுவதாக வாக்குறுதி தந்து விற்பதும் ஒரே குழப்பத்தின் இரு முனைகள். கடினத்தன்மையை அளக்க எளிய சொட்டுச் சோதனைப் பெட்டி போதும்: தண்ணீரில் நிறங்காட்டியைச் சேர்த்தால் செந்நிறமாகும், பிறகு சொட்டுச் சொட்டாக ஈ.டி.டி.ஏ. கரைசலை விட்டு அது நீலமாக மாறும் வரை எண்ணினால் அளவு கிடைத்துவிடும். மென்னீரில் நிறங்காட்டியைச் சேர்த்தவுடனே நீலம் தெரிய வேண்டும்.

எனக்கு உண்மையில் மனத்தாங்கல் உண்டாக்கியது இயந்திரமல்ல, அதைப் பொருத்த வந்த சேவை. வால்வின் மேலிருக்கும் கணினிப் பலகையில் உள்ளே வரும் தண்ணீரின் கடினத்தன்மையை உள்ளிட வேண்டும். அதைக் கொண்டுதான் எத்தனை லிட்டருக்கு ஒருமுறை ரெசினை உப்புக் கரைசலால் கழுவ வேண்டும் என்பதை இயந்திரம் முடிவு செய்கிறது. வந்த தொழில்நுட்பர் தண்ணீரைச் சோதிக்காமலே, எல்லா வீட்டுக்கும் போடும் எண் என்று சொல்லி 250 என்று உள்ளிட்டுவிட்டுப் போனார். 1,150 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கக்கூடிய ரெசின், 250 அளவுள்ள தண்ணீரில் 4,600 லிட்டருக்குத் தாங்கும் என்று இயந்திரம் நம்பியது. உண்மையான 400 அளவில் அது 2,900 லிட்டரிலேயே தீர்ந்துவிடும். எனவே ஒவ்வொரு சுழற்சியின் கடைசி 1,700 லிட்டரும் மென்மையாகாமலே வந்துகொண்டிருந்தது. முதல் சில நாள் நுரை நன்றாக வருகிறது, பிறகு வருவதில்லை என்ற புகார் வீட்டில் எழுந்த பின்னரே சோதனைப் பெட்டி வாங்கி, கையேட்டைப் படித்து, எண்ணை மாற்றினோம். தொலைபேசியில் பேசியபோது நிறுவனத்தார் ரெசின் பழுது என்று சொல்லி மாற்றித்தர முன்வந்தார்கள். அதற்குத் தேவையே இருக்கவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வால்வு எந்த நாட்டு வழக்கத்தில் தயாரிக்கப்பட்டதோ அந்த நாட்டு அலகில் எண்ணைக் கேட்கும். ஒரு கிரெயின் என்பது லிட்டருக்கு 17.1 மில்லிகிராம், ஒரு ஜெர்மன் டிகிரி 17.8; ஒரு பிரெஞ்சு டிகிரி 10. எங்கள் தண்ணீர் முதல் அலகில் 23, இரண்டாவதில் 22, மூன்றாவதில் 40. முதல் இரண்டும் நெருங்கி இருப்பதால் அவற்றை மாற்றிப் போட்டாலும் பெரிய கேடு இல்லை. பிரெஞ்சு டிகிரியில் கேட்கும் இயந்திரத்தில் 23 என்று போட்டால் கிட்டத்தட்ட பாதித் தண்ணீர் கடினமாகவே வீட்டுக்குள் நுழையும்.

உப்பைப் பற்றி விற்பனையாளர்கள் அதிகம் பேசுவதில்லை. நடைமுறையில் மாதந்தோறும் நாம் சந்திக்கும் செலவு அதுதான். ஒரு லிட்டர் ரெசினுக்கு ஒரு கழுவலில் 96 கிராம் உப்பு செலுத்தினால் அது சுமார் 46 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் திறனைப் பெறுகிறது. 240 கிராம் செலுத்தினால் 69 கிராம். அதாவது உப்பை இரண்டரை மடங்காக்கினால் திறன் ஒன்றரை மடங்குதான் ஆகிறது, மீதி உப்பு அப்படியே சாக்கடைக்குப் போகிறது. 25 லிட்டர் ரெசினுக்கு முதல் முறையில் 2.4 கிலோ உப்பும் இரண்டாவது முறையில் 6 கிலோ உப்பும் பிடிக்கும். நாளொன்றுக்கு 500 லிட்டர் செலவாகும் வீட்டில், 400 அளவுத் தண்ணீருக்கு, முதல் முறையில் மாதம் ஏறத்தாழ 12 கிலோவும் இரண்டாவதில் 21 கிலோவும் தேவைப்படும்.  அடிக்கடி கழுவினால் கழுவும் தண்ணீர் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மைதான் என்றாலும், உப்பைக் குறைத்து வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. உப்பு தூய்மையானதாக இருக்க வேண்டும். மண் கலந்த கல்லுப்பு தொட்டியின் அடியில் சேறு தேக்கி, கரைசலை உறிஞ்சும் சிறு துளையை அடைக்கும், மிக நுண்ணிய தூளுப்போ இறுகிப் பாலம்போல் நின்று, மேலே உப்பு இருக்கக் கீழே வெறும் தண்ணீர் இருக்கும் நிலையை உண்டாக்கும். மாத்திரை வடிவில் வரும் உப்பில் இந்த இரு தொல்லையும் குறைவு.

ஒரு கழுவல் முடிய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமாகிறது. அந்த நேரத்தில் குழாயைத் திறந்தால் ஒற்றைத் தொட்டி இயந்திரத்தில் கடினநீரே வரும் என்பதால், இரவு இரண்டு மணிக்கு நடக்கும்படி அமைத்திருக்கிறார்கள். இந்த அளவு இயந்திரத்துக்கு ஒரு கழுவலுக்கு இருநூறு லிட்டருக்கு அருகில் தண்ணீர் வெளியேறுகிறது. தண்ணீருக்கே தட்டுப்பாடு உள்ள வீட்டில் இது சிறிய விஷயமல்ல. உப்பு மிகுந்த அந்தக் கழிவுநீரைத் தோட்டத்துக்குத் திருப்பிவிடுவது பெருங்கேடு; சோடியம் மண்ணின் கட்டமைப்பையே இறுக்கிவிடும். செடிகளுக்கு மென்னீரையும் ஊற்றாமல், சாஃப்ட்னருக்கு முன்பிருந்தே ஒரு குழாயைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

பொருத்தும் இடத்தைப் பற்றி வாங்கும்போது யாரும் எங்களிடம் கேட்கவில்லை. இத்தகைய வால்வுகள் ஒழுங்காக இயங்க ஒன்றரை முதல் இரண்டு பார் அழுத்தம் தேவைப்படுகிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம்தான் தரும். சாதாரண வீடுகளில் அதுகூடக் கிடைக்காது. அழுத்தம் போதாவிட்டால் உப்புக் கரைசல் சரியாக உறிஞ்சப்படாது, இயந்திரம் கழுவியதாகக் காட்டிக்கொண்டு கழுவாமலே இருக்கும். அழுத்த பம்பு ஒன்றைச் சேர்ப்பதோ, கீழ்த் தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் குழாயில் இயந்திரத்தை வைப்பதோ இதற்கு வழி. இரண்டாவது வழியில் பம்பின் வேகம் இயந்திரத்தின் கொள்திறனை மீறாமல் பார்க்க வேண்டும், கழுவும் நேரத்தில் பம்பும் ஓட வேண்டும்.

குடிப்பதற்கு மென்னீர் தேவையில்லை என்பது என் திடமான கருத்து. 100 மில்லிகிராம் கடினத்தன்மை நீங்கும்போது 46 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. எங்கள் வீட்டில் அது லிட்டருக்கு 184 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் சுவை கெடாமல் இருக்க வைத்திருக்கும் 200 என்ற எல்லைக்கு இது மிக அருகில் இருக்கிறது. இரண்டு லிட்டர் குடிப்பவருக்கு நாளொன்றுக்கு 368 மில்லிகிராம் சோடியம் தண்ணீரிலிருந்தே போய்ச் சேரும். ஒரு பெரியவருக்கான முழு நாள் வரம்பு 2,000 என்று அதே நிறுவனம் சொல்கிறது. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவரும், பால்மாவு கரைத்துக் கொடுக்கப்படும் குழந்தையும் இருக்கும் வீட்டில் இதை அலட்சியப்படுத்த முடியாது. சமையலறைக்கு மட்டும் மென்மையாக்காத ஒரு குழாயைத் தனியே விட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. குடிநீருக்கு ஏற்கெனவே ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் கதை வேறு: மென்னீரை அதற்குள் விட்டால் சவ்வில் படிவு சேராமல் நீடிக்கும், சேர்ந்த சோடியத்தில் பெரும்பகுதியையும் அது நீக்கிவிடும்.

உடல்நலம் பற்றிய வாக்குறுதிகள்தான் இந்த வணிகத்தின் பலவீனமான பகுதி. கடினநீரைக் குடித்தால் சிறுநீரகக் கல் வரும் என்ற அச்சத்தை எங்களிடமும் விதைக்கப் பார்த்தார்கள். குடிநீரின் கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வகுக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டிய தாதுக்களே. தோல் அரிப்புக்கும் படைக்கும் இது மருந்து என்பது அடுத்த வாக்குறுதி. இங்கிலாந்தில் எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2011-இல் முடிவுகள் வெளியான ஆய்வில், வீட்டில் சாஃப்ட்னர் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் இடையே நோயின் தீவிரத்தில் வேறுபாடு காணப்படவில்லை. குளித்த பின் தோல் இறுகாமல் இருப்பதும் தலைமுடி மிருதுவாக இருப்பதும் எங்கள் அனுபவத்தில் உண்மை, ஏனெனில் சோப்புத் திரை ஒட்டுவதில்லை. அதை நோய் தீர்வதாக விற்பது வேறு.

இதற்கு மாற்றாக விற்கப்படுபவை பற்றியும் சொல்ல வேண்டும். ஷவரின் கழுத்தில் மாட்டும் சிறு வடிகட்டி கடினத்தன்மையை நீக்கும் என்பது கணக்குக்கே ஒத்துவராது: அதனுள் 200 மில்லிலிட்டர் ரெசின் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும் அது பிடிக்கக்கூடியது பத்து கிராம், எங்கள் தண்ணீரில் அது வெறும் 25 லிட்டருக்குத்தான் போதும், ஒருவர் குளித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். குளோரினைக் குறைக்க அது உதவலாம். குழாயைச் சுற்றிக் கட்டும் காந்தமும் மின்சுருளும் கால்சியத்தை நீக்குவதில்லை. அவற்றுக்கு முன்னும் பின்னும் சொட்டுச் சோதனை ஒரே எண்ணைத்தான் தரும். கால்சியத்தை நுண்படிகங்களாக மாற்றி ஒட்டாமல் செய்யும் உப்பில்லா ஊடக வகைக்குப் படிவைத் தடுப்பதில் ஓரளவு ஆதாரம் உண்டு, ஆனால் சோப்பு நுரைக்கும் விதத்தில் அதனால் மாற்றம் வராது. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் பெரும்பாலும் ஒரு சிறிய சாஃப்ட்னர் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கென உப்புப் போடும் மூடியும் இருக்கும். துணி துவைக்கும் தூள்களில் கால்சியத்தைக் கட்டிப்போடும் ஜியோலைட் போன்றவை சேர்க்கப்படுகின்றன. ஆகவே இந்த இரண்டுக்காக மட்டும் வீடு முழுமைக்கும் இயந்திரம் வாங்குவதில் பொருளில்லை.

என் கணக்கில், 150-க்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு இந்த இயந்திரம் வேண்டியதில்லை. ஹீட்டரை ஆண்டுக்கொருமுறை சுத்தம் செய்தால் போதும். 300-ஐத் தாண்டிய தண்ணீரும், சேமிப்பு வகை ஹீட்டர்களும், பல குளியலறைகளும் உள்ள வீட்டில் வாங்குவதற்குத் தயங்க வேண்டியதில்லை. இடைப்பட்டவர்கள் தங்கள் உப்புக் கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, குழாய்களை வெட்டிப் பொருத்த வேண்டிய இந்த வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்ணீரில் இரும்பு இருந்தால் முதலில் அதை நீக்கும் வடிகட்டி வேண்டும், இல்லாவிட்டால் ரெசின் மணிகளின் மேல் இரும்பு படிந்து அவை திறனிழக்கும். துணியில் பழுப்புக் கறை விழும் வீடுகளில் இதை வாங்கும் முன்பே கவனிக்க வேண்டும். குளோரின் மிகுந்த தண்ணீரும் ரெசினை மெல்லச் சிதைக்கும். இவை இரண்டும் இல்லாத இடத்தில் ரெசின் பத்தாண்டுக்கு மேலும் உழைக்கக்கூடியது, வால்வின் ரப்பர் வளையங்கள்தான் முதலில் தேயும். எங்களுக்குத் தந்த உத்தரவாதச் சீட்டில் தொட்டிக்கு நீண்ட காலமும் வால்வுக்குக் குறுகிய காலமும் எழுதியிருக்கிறார்கள். தொட்டி எளிதில் கெடுவதில்லை என்பதால் வாங்குபவர் பேரம் பேச வேண்டியது வால்வின் உத்தரவாதத்தைப் பற்றியே.